முந்திரி ஆகாத பிள்ளையோடு டிஸ்னி வேர்ல்டில் சாப்பிடுவது எப்படி

ஆர்லாண்டோவுக்குப் போகிற குடும்பங்கள் எந்த ரைடு முதலில், எதற்கு எவ்வளவு நேரம் வரிசை என்றுதான் மாதக்கணக்கில் கணக்குப் போடுவார்கள். எங்கள் வீட்டுக் கணக்கு வேறு. மகளுக்கு முந்திரி, பிஸ்தா, வேர்க்கடலை மூன்றும் ஆகாது. மூன்று வயதில், ஒரு கல்யாண வீட்டில் கேசரியை வாயில் வைத்த ஐந்தாவது நிமிடம் உதடு வீங்கி மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அன்றிலிருந்து எந்தப் பயணத்திலும் முதல் கேள்வி, எங்கே சாப்பிடுவது என்பதுதான். வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு மூன்று முறை போய்வந்துவிட்டோம். மூன்றாவது முறைதான் நிம்மதியாகச் சாப்பிட்டோம். முதல் இரண்டு முறை நாங்கள் செய்த தவறுகளையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

அலர்ஜி உள்ளவர்களுக்கு டிஸ்னி வேர்ல்டு நல்ல இடம் என்று பேர். அந்தப் பேரில் உண்மை இருக்கிறது. பெரும்பாலான உணவகங்களில் அலர்ஜிக்கென்று தனி மெனு வைத்திருக்கிறார்கள். கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறார்கள். ஆனால் அந்த மெனுவின் பெயரைக் கவனியுங்கள். 'அலர்ஜி ஃப்ரெண்ட்லி' என்று போட்டிருப்பார்கள், 'அலர்ஜி ஃப்ரீ' என்று எங்கும் இருக்காது. கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள முயல்கிறோம், உறுதி தர முடியாது என்று அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். அதை நேர்மையான வாக்கியமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் உறுதி தர முடியாது? நீங்கள் சொன்னது பரிமாறுபவர் காதில் விழ வேண்டும். அவர் அதைக் கணினியில் போட வேண்டும். சமையலறையில் அந்தச் சீட்டை ஒருவர் படிக்க வேண்டும், இன்னொருவர் கையுறை மாற்ற வேண்டும், மூன்றாவது ஆள் தட்டை எடுத்து வர வேண்டும். இத்தனை கை மாறும்போது ஒரு கை தவறினாலும் போச்சு. பொருள் ஒளிந்திருப்பதைவிட, சொன்ன சொல் வழியில் தொலைந்துபோவதுதான் பெரிய ஆபத்து. கீழே சொல்லப்போகிற எல்லாமே அந்தச் சொல் தொலையாமல் பார்த்துக்கொள்ளும் வேலைதான்.

இது வீண் பயம் இல்லை. 2023 அக்டோபரில், டிஸ்னி வேர்ல்டைச் சேர்ந்த டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதியில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட ஒரு பெண் அன்றே இறந்துபோனார். பாலும் நட்ஸும் ஆகாது என்று பலமுறை சொன்னதாகவும், வந்த உணவில் சிலவற்றில் அலர்ஜிக்கான தட்டு என்று காட்டும் சின்னக் கொடி இல்லாததைக் கண்டு கேட்டபோது பயமில்லை என்று பதில் வந்ததாகவும் அவருடைய கணவர் தொடர்ந்த வழக்கில் சொல்லப்பட்டது. (ஓடிடி சந்தாவின் நிபந்தனைகளைக் காட்டி வழக்கை நடுவர் மன்றத்துக்குத் தள்ளப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2024 ஆகஸ்டில் டிஸ்னி பின்வாங்கியதே, அதே வழக்குதான்.) அந்த உணவகத்தை நடத்தியது டிஸ்னி அல்ல, வெளி நிறுவனம். டிஸ்னி வளாகத்துக்குள் இருக்கும் எல்லாச் சமையலறையும் டிஸ்னியுடையது அல்ல. முன்பதிவு செய்யும்போதே யார் நடத்துவது என்று பாருங்கள். வெளி நிறுவனம் என்றால் அவர்களின் அலர்ஜி முறையைத் தனியாகக் கேளுங்கள்.

முதல் வேலை: மருந்து

டிக்கெட் எடுக்கும் முன்பே டாக்டரைப் பாருங்கள். கடும் அலர்ஜி வந்தால் உடனே போட வேண்டிய எபிநெஃப்ரின் ஊசி, அதாவது நாம் எபிபென் என்று பொதுவாகச் சொல்லும் அந்தப் பேனா, இரண்டு வேண்டும். ஒன்று போதாது. முதல் ஊசியில் அடங்காமல் ஐந்திலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டாவது தேவைப்படலாம். காலாவதித் தேதியைப் பாருங்கள். பிள்ளையின் எடையையும் பாருங்கள்: எபிபென் ஜூனியர் 0.15 மில்லிகிராம், 15 முதல் 30 கிலோ வரை. அதற்கு மேல் 0.3 மில்லிகிராம். போன வருடம் 27 கிலோ இருந்த பிள்ளை இந்த வருடம் 31 கிலோ ஆகியிருக்கும். பழைய பேனாவையே தூக்கிக்கொண்டு போவோம். நாங்கள் அப்படித்தான் போனோம். ஊசி என்றாலே அலறும் பிள்ளைகளுக்கு இப்போது மூக்கில் அடிக்கும் நெஃபி என்ற ஸ்ப்ரேயும் இருக்கிறது. பெரிய அளவுக்கு 2024 ஆகஸ்டிலும், 15 கிலோவிலிருந்து 30 கிலோ வரையுள்ள பிள்ளைகளுக்கான சிறிய அளவுக்கு 2025 மார்ச்சிலும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. இந்தப் பேனா நம்மூர் மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற சரக்கு இல்லை. அமெரிக்காவில் இறங்கி வாங்கிக்கொள்ளலாம் என்றால் அங்கே டாக்டர் சீட்டு வேண்டும். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே அலர்ஜி டாக்டரிடம் இதைப் பேசுங்கள். எந்த அறிகுறிக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று அவர் கையெழுத்தோடு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விமானத்தில் மருந்து கைப்பையில்தான் வர வேண்டும். பெட்டியோடு கீழே போகக் கூடாது.

அங்கே போனதும் வெயில். ஜூலையில் ஆர்லாண்டோ 33 டிகிரியைத் தொடும். இந்த மருந்தை 20 முதல் 25 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். வெளியே கொண்டுபோகும்போது 30 வரை தாங்கும். வெப்பம் தடுக்கும் சின்னப் பை வாங்கிக்கொள்ளுங்கள். ஐஸ் பாக்கெட்டை நேரடியாக ஒட்டவைக்காதீர்கள், உறைந்தாலும் கெட்டுவிடும். நிறுத்திவைத்த காரில் விட்டுப்போவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

இன்னொரு சிக்கல் ரைடுகள். டிஸ்னியின் டிரான் போன்ற ரைடில் பையை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள். பக்கத்திலுள்ள யூனிவர்சலில் சில ரோலர் கோஸ்டர்களுக்குச் சட்டைப்பையில் போன்கூட இருக்கக் கூடாது. மெட்டல் டிடெக்டர் வழியாகத்தான் அனுப்புவார்கள். அதனால் ரைடுக்குப் போகாத ஒருவர் கையில் மருந்து இருக்கட்டும், அவர் ரைடு முடியும் வாசலில் நிற்கட்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை எனக்கு. ரோலர் கோஸ்டர் பயம் எனக்கு இருப்பது வெளியே தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டம் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காது

அமெரிக்காவில் பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவில் பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா இருந்தால் 2006 முதல் கட்டாயம் எழுத வேண்டும். எள் ஒன்பதாவதாக 2023 ஜனவரி 1 முதல் சேர்ந்தது. தட்டில் வைத்துப் பரிமாறும் உணவக உணவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. டிஸ்னி தன் மெனுவில் தருவது அவர்களாகச் செய்வது.

நமக்கு முக்கியமான சங்கதி, அந்த ஒன்பதில் எது இல்லை என்பது. கடுகு இல்லை. ஐரோப்பாவின் 14 பெயர்ப் பட்டியலில் கடுகு உண்டு, எனவே பாரிஸ் டிஸ்னிலேண்டில் கேட்டால் தாளில் காட்டுவார்கள். ஆர்லாண்டோவில் அப்படி எதிர்பார்க்க முடியாது. சாலட் சாஸ், மயோனைஸ், பர்கருக்குத் தடவுவது என்று கடுகு நுழையாத இடமில்லை. கொண்டைக்கடலையும் பருப்பும் பட்டியலில் இல்லை; ஹம்மஸும் ஃபலாஃபலும் கொண்டைக்கடலைதான். தேங்காயை முன்பு மரக்கொட்டையாகக் கணக்கு வைத்திருந்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. தேங்காய் ஆகாதவர்கள் 'நட்ஸ் இல்லை' என்ற வாக்கியத்தை நம்பி உட்காரக் கூடாது. நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெய்க்கும் விலக்கு உண்டு, அதை அலர்ஜி என்று குறிப்பிட வேண்டியதில்லை. இந்தப் பொருட்களில் ஏதாவது உங்களுக்கு ஆகாது என்றால் மெனு உங்களுக்கு உதவாது. வாயைத் திறந்து கேட்டால்தான் உண்டு.

சைவம் என்பவர்களுக்கு ஒரு பொறி

இதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நம் வீடுகளில் பலர் சைவம். டிஸ்னி மெனுவில் தாவர உணவுக்கு ஒரு சின்ன இலைப் படம் போட்டிருப்பார்கள். நாமும் இலையைக் கண்டதும் நிம்மதியாகிவிடுவோம். அந்த இலைக்கும் அலர்ஜிக்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால் நேர் எதிர். பாலை எடுத்தால் அந்தக் கொழுப்புக்கு எதையாவது போட வேண்டும். முந்திரிக் க்ரீம், பாதாம் பால், சோயாதான் வரும். இறைச்சியை எடுத்த இடத்தில் சோயாவோ கோதுமைப் புரதமோ உட்காரும். க்ளூட்டன் இல்லாத ரொட்டியில் பாதாம் மாவோ முட்டையோ இருக்கலாம். வேறோர் ஊரில், வேறொரு பூங்காவில், 'சீஸ் இல்லாத சைவ பர்கர்' என்று நாங்கள் வாங்கியதில் சாஸ் முழுக்க முந்திரி. மேலே தூவிய வெங்காயத்தின் ஓரத்தில் வெள்ளையாக இருந்ததை என் மனைவி முகர்ந்து பார்த்ததால் தப்பித்தோம்.

இன்னொன்று. பரிமாறுபவரிடம் சைவத்தையும் அலர்ஜியையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். "நோ மீட், நோ நட்ஸ்" என்று சேர்த்துச் சொன்னால், இரண்டையும் விருப்பம் என்றுதான் குறித்துக்கொள்வார்கள். முதலில் அலர்ஜி. அதை அவர் எழுதிக்கொண்டதைப் பார்த்த பிறகு சைவம்.

எங்கே சாப்பிடுவது

உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களுக்கு 60 நாள் முன்பே பதிவு திறக்கும். பதிவு செய்யும்போதே அலர்ஜியைக் குறிக்கும் இடம் இருக்கிறது, குறித்துவிடுங்கள். அது போதும் என்று மட்டும் நினைக்காதீர்கள். போய் உட்கார்ந்ததும் மறுபடி சொல்ல வேண்டும்.

கவுன்ட்டரில் வாங்கும் கடைகளில் மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் செயலி வழியாக ஆர்டர் போடலாம். கடையைத் திறந்து அலர்ஜி மெனுவுக்குப் போனால் ஒவ்வோர் அலர்ஜிக்கும் என்னென்ன என்று வரும். சத்தமில்லாமல் ஆர்டர் எழுத்தாகவே சமையலறைக்குப் போவதால், ஒரு கைமாற்றம் குறைகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: பட்டியல் ஒவ்வோர் அலர்ஜிக்கும் தனித்தனி. பாலும் கோதுமையும் ஆகாதவர் இரண்டு பட்டியலையும் வைத்துப் பார்த்து, இரண்டிலும் இருக்கும் உணவைத்தான் எடுக்க வேண்டும். ஒன்றில் மட்டும் பார்த்துவிட்டு ஆர்டர் போட்டவர்களைத் தெரியும்.

எங்களுக்குச் சரியாக வந்த இடம் அனிமல் கிங்டம் பூங்காவில் பண்டோரா பக்கம் இருக்கும் சத்துலி கேன்டீன். கீழே சோறோ காய்களோ, மேலே கோழியோ டோஃபுவோ, அப்புறம் சாஸ் என்று கிண்ணத்தை நாமே அமைக்கலாம். பிரச்சினை சாஸில் இருந்தால் சாஸை மட்டும் விட்டுவிடலாம். எல்லாம் ஒன்றாகக் கலந்து வேகும் உணவைவிட, தனித்தனியாக வந்து தட்டில் சேரும் உணவு எப்போதும் பாதுகாப்பு. அந்த ஒரு விதியை வைத்தே பாதி மெனுவைத் தள்ளிவிடலாம்.

அனிமல் கிங்டம் லாட்ஜில் இருக்கும் சனாவைப் பற்றித் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சொல்வார்கள். ஆப்பிரிக்கச் சமையலும் இந்தியச் சமையலும் கலந்த இடம். நான், குல்சா என்று ரொட்டிகளோடு ஒன்பது வகைத் தொட்டுக்கொள்ள வரும், ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி நிற்கும். அருமையான இடம்தான். ஆனால் வட இந்தியக் குழம்பு என்றாலே முந்திரி விழுது நினைவுக்கு வர வேண்டும் நமக்கு. ஒன்பது கிண்ணத்தையும் ஒவ்வொன்றாகக் கேட்டோம், கால் மணி நேரம் ஆனது, பரிமாறிய பெண் பொறுமையாக உள்ளே போய் வந்து போய் வந்து சொன்னார். நம் ஊர்ச் சாப்பாட்டைப் பார்த்ததும் கேள்வி கேட்பது நின்றுவிடும். அங்கேதான் அதிகம் கேட்க வேண்டும்.

எப்காட் பூங்காவில் உலகக் காட்சியகத்தில் 11 நாட்டுப் பகுதிகள் வரிசையாக இருக்கின்றன. ஜப்பானும் சீனாவும் என்றால் சோயா, எள். மொராக்கோ என்றால் பாதாம், எள். ஜெர்மனியில் கேரமல் கடை. வாசம் இழுக்கும், பாலும் கொட்டைகளும் நிறைந்தது. அதே ஜெர்மனியில் பியர்கார்ட்டன் என்ற பஃபே. பஃபேயில் சாப்பிடுவதாக இருந்தால் பரிமாறுபவரிடம் அலர்ஜியைச் சொல்லுங்கள், சமையற்காரர் வந்து எது ஆகும் எது ஆகாது என்று வரிசை நெடுகக் காட்டச் சொல்லுங்கள். ஆகும் என்றதையும் வரிசையிலிருந்து எடுக்காதீர்கள். முன்னால் நின்ற குழந்தை நட்ஸ் கரண்டியைப் பழத்தில் போட்டிருக்கலாம். உள்ளிருந்து புதிதாகக் கொண்டுவரச் சொல்லுங்கள், கொண்டுவருவார்கள். எப்காட் திருவிழாக் காலத்துச் சின்னச் சாவடிகளை நாங்கள் முழுக்கத் தவிர்த்துவிடுவோம். ஆறடி இடத்தில் நான்கு பேர் நின்று சமைக்கும்போது தனிக் கரண்டி, தனிப் பலகை என்பதெல்லாம் நடக்கிற காரியமில்லை என்பது என் எண்ணம்.

அன்னாசி ஐஸ்க்ரீமான டோல் விப்புக்கு மேஜிக் கிங்டமில் அலோஹா ஐல் கடையில் எப்போதும் கூட்டம். வெறும் அன்னாசியில் பால் இல்லை. பால் ஆகாத பிள்ளைகள் அதற்காகவே ஓடும். ஆனால் வெனிலாவோடு சுழற்றித் தருவதில் பால் உண்டு. வெனிலா ஓடும் எந்திரத்திலேயே அன்னாசியும் வருகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கரண்டியால் அள்ளித் தரும் கடைகளில் கரண்டி எல்லா டப்பாவுக்கும் பொது. புது டப்பாவைத் திறந்து கழுவிய கரண்டியில் தரச் சொன்னால் பல கடைகளில் செய்வார்கள்.

மேசையில் உட்கார்ந்ததும்

பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை போகாதீர்கள். பதினொன்றுக்குப் போனால் சமையலறையில் ஆட்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்கும், உங்கள் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்வார்கள். நெரிசலில் கிடைக்கும் பதில் எதற்கும் உதவாது. இது ஒன்றை மட்டும் கடைப்பிடித்தாலே பாதி வேலை முடிந்தது என்பேன்.

மேசையை நீங்களே ஒருமுறை துடையுங்கள். சானிடைசர் உதவாது. கிருமியைக் கொல்லும் திரவம் வேர்க்கடலைப் புரதத்தை எடுக்காது, பரப்பிவிடும், அவ்வளவுதான். சோப்பும் தண்ணீரும், இல்லையென்றால் ஈரத் துடைதாள். பூங்கா முழுக்க சானிடைசர் வைத்திருப்பதால் பிள்ளைகள் கையை அதில் தேய்த்துவிட்டு நேராக வாய்க்குக் கொண்டுபோவார்கள். எங்கள் பையில் துடைதாள் மூன்று பாக்கெட் எப்போதும் இருக்கும்.

பரிமாறுபவர் வந்ததும் தண்ணீர் கேட்பதற்கும் முன்னால் சொல்ல வேண்டியது இது: "மை டாட்டர் ஹாஸ் அ சிவியர் அலர்ஜி. கேஷ்யூ, பிஸ்டாஷியோ, பீநட்." வெறுமனே 'நட்ஸ்' என்று சொல்லாதீர்கள். வேர்க்கடலை கொட்டையா பயறா என்று அங்கேயும் குழப்பம் உண்டு. எது ஆகாதோ அதன் பெயரைச் சொல்லுங்கள். முந்திரி ஆகாதவர்களில் பலருக்குப் பிஸ்தாவும் ஆகாது, இரண்டும் ஒரே குடும்பம். வால்நட்டும் பீகானும் அப்படியே. கையளவு அட்டையில் இதையே எழுதி வைத்திருங்கள், அந்த அட்டை சமையலறைக்குள் போகட்டும். எங்கள் அட்டையின் கடைசி வரி: இது விருப்பம் அல்ல, உயிர் விஷயம்.

அப்புறம் கேள்விகள். "இதில் நட்ஸ் இருக்கா?" என்று கேட்டால் 'இல்லை' என்ற பதில் தானாக வரும். "இதில் என்னென்ன போடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல அவர் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும், அதுதான் நமக்கு வேண்டியது. பொரித்த உணவு என்றால், எண்ணெய்ச் சட்டி பொதுவா தனியா என்று கேளுங்கள். அவர்கள் பாஷையில் "டெடிகேட்டட் ஃப்ரையர்". உருளைக்கிழங்கில் உருளையும் உப்பும்தான் இருக்கும். ஆனால் அதே எண்ணெயில் மாவில் முக்கிய மீனும் இறாலும் வெந்திருக்கும். சாஸ், ஊறவைத்த மசாலா, மேலே தூவுவது இந்த மூன்றையும் தனியாகக் கேளுங்கள், ஏனென்றால் கேட்காவிட்டால் யாரும் அவற்றை உணவாகவே நினைப்பதில்லை. பெஸ்ட்டோ என்ற பச்சைச் சாஸில் பைன் கொட்டைக்குப் பதில் முந்திரி போடுவது சகஜம்.

சந்தேகமாகப் பதில் வந்தால், "நிச்சயம் இல்லை என்று நினைக்கிறேன்" போன்ற பதில்கள், சமையற்காரரையோ மேலாளரையோ வரச் சொல்லுங்கள். சங்கடமாக இருக்கும்தான். முதல் முறை எனக்கும் அப்படித்தான் இருந்தது. பக்கத்து மேசையில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பது போல. யாரும் திரும்பவில்லை.

தட்டு வரும்போது அலர்ஜிக்கான தட்டு எது என்று தெரியும்படி சின்னக் கொடியோ குச்சியோ ஒட்டுச் சீட்டோ இருக்கும். அது இல்லாமல் வந்தால் பிள்ளையின் முன்னால் வைக்க விடாதீர்கள். "பரவாயில்லை, எனக்குத் தெரியும், அதே தட்டுதான்" என்று சொன்னாலும் திருப்பி அனுப்புங்கள். கொடி இருந்தாலும் எடுத்து வந்தவரிடம் ஒரு கேள்வி: "இது கேஷ்யூ அலர்ஜித் தட்டா?" பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தவறான தட்டாக இருந்தால், நட்ஸை மட்டும் பொறுக்கிவிட்டு அதே தட்டைத் திரும்பக் கொண்டுவர விடக் கூடாது. புதிதாகச் செய்ய வேண்டும். எந்தத் தட்டு என்று மறக்காமலிருக்க ஒரு கீற்று உருளையைக் கடித்து ஓரத்தில் வைத்து அனுப்புகிற அம்மா ஒருவரைச் சந்தித்தேன். கெட்டிக்காரி.

கையில் கொண்டுபோவது

டிஸ்னி வேர்ல்டுக்குள் வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோகலாம். பலருக்கு இது தெரியாது. தியேட்டர் மாதிரி பிடுங்கிக்கொள்வார்கள் என்று நினைக்கிறார்கள். கண்ணாடிப் பாத்திரம் கூடாது (குழந்தை உணவுக் குப்பிக்கு விலக்கு), மது கூடாது, உதிரி ஐஸ் கூடாது. ஐஸ் பாக்கெட்தான் வைக்க வேண்டும். குளிர்பெட்டி 24 அங்குல நீளம், 15 அகலம், 18 உயரத்துக்குள் இருக்க வேண்டும்.

சமையலறை உள்ள வில்லா மாதிரி அறை எடுத்தால் காலைச் சாப்பாடு முழுக்க உங்கள் கையில். எடுக்காவிட்டாலும் சின்ன ஃப்ரிட்ஜ் அறையில் இருக்கும். நாங்கள் தயிர்சாதம், எலுமிச்சைச் சாதம் (வேர்க்கடலை போடாமல்தான்), சப்பாத்திச் சுருள் கொண்டுபோவோம். மதியம் கையிலிருப்பது, இரவு உணவகம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறை விசாரணை செய்தால் போதும் என்பதே பெரிய நிம்மதி. முதல் பயணத்தில் மூன்று வேளையும் வெளியே என்று போட்டு, இரண்டாம் நாளே நானும் மனைவியும் சண்டை.

ஏதாவது ஆகிவிட்டால்

பிள்ளைகள் 'அலர்ஜி வந்துவிட்டது' என்று சொல்லாது. "நாக்கு அரிக்குது", "தொண்டையில ஏதோ மாட்டிக்கிச்சு", "வயிறு வலிக்குது" என்று சொல்லும். சில சமயம் துள்ளிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியாகிவிடும். வெயிலும் அலைச்சலும் என்று தள்ளிவிடத் தோன்றும். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் தள்ளாதீர்கள்.

மூச்சிரைப்பு, குரல் கம்மல், தொண்டை இறுக்கம், மயக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலே ஊசி. தோல் தடிப்போடு சேர்ந்து வாந்தி என்று இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் தெரிந்தாலும் ஊசி. காத்திருக்காதீர்கள். அலர்ஜி மாத்திரை அரிப்பைத்தான் குறைக்கும், மூச்சுக்குழாயைத் திறக்காது. அதைக் கொடுத்துவிட்டுப் பார்ப்போம் என்று காத்திருக்கும் நேரம்தான் ஆளைக் கொல்கிறது. தொடையின் வெளிப்பக்கம், நடுவில், தேவைப்பட்டால் துணியின் மேலேயே குத்துங்கள். எபிபென் என்றால் மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பிள்ளையின் காலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், உதறினால் கிழித்துவிடும். நேரத்தைக் குறியுங்கள்.

அடுத்து 911. பக்கத்தில் உள்ள டிஸ்னி ஊழியர் யாராக இருந்தாலும், கூட்டிப் பெருக்குகிறவராக இருந்தாலும், சத்தமாகக் கூப்பிடுங்கள். நீங்கள் இருக்கும் இடத்துக்கு ஆட்களை வரவழைப்பது அவருக்குத்தான் தெரியும். நான்கு பூங்காவிலும் முதலுதவி நிலையம் உண்டு. மேஜிக் கிங்டமில் கிரிஸ்டல் பேலஸ் உணவகத்துக்குப் பக்கத்தில். அங்கே எபிநெஃப்ரினும் வைத்திருக்கிறார்கள். ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடாதீர்கள், நடக்கவும் வைக்காதீர்கள். படுக்கவைத்துக் கால்களைத் தூக்கி வையுங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் உட்காரட்டும். திடீரென்று எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் விழும். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் இரண்டாவது ஊசி. குறைந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போங்கள். சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரக்கூடும்.

தாத்தா பாட்டியோடு போனால்

கடைசியாக, எந்த மெனுவிலும் இல்லாத ஒன்று. இரண்டாவது பயணத்தில் என் அம்மாவும் வந்திருந்தார். மெயின் ஸ்ட்ரீட் மிட்டாய்க் கடையில் நான் பணம் கட்டிக்கொண்டிருக்கும்போது, "ஒரு துண்டுதான கண்ணு, மேல இருக்கறத எடுத்துட்டுச் சாப்பிடு" என்று முந்திரி பதித்த சாக்லேட்டை நீட்டிவிட்டார். மகள் வாங்கவில்லை. அம்மாவுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது, எனக்கு ஆத்திரம். அன்று இரவு அறையில் உட்கார்ந்து, பயிற்சிப் பேனாவை (மருந்தோ ஊசியோ இல்லாத மாதிரி) அம்மா கையில் கொடுத்து, எங்கே குத்த வேண்டும், எவ்வளவு நேரம் என்று ஐந்து தடவை செய்துகாட்டச் சொன்னேன். முதல் தடவை தலைகீழாகப் பிடித்தார், கட்டைவிரலில் குத்தியிருப்பார். நீலம் மேலே, ஆரஞ்சு தொடையில் என்று சொல்லிக்கொடுத்தது மகள்தான்.

இந்த ஒத்திகையைக் கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே செய்துவிடுங்கள். கூட வரும் பெரியவர்கள் எல்லாரும் செய்யட்டும், சித்தப்பா மாமா உட்பட. யார் கையிலிருந்தும் எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது, அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்டுவிட்டுத்தான் என்று பிள்ளைக்குச் சொல்லும்போது பெரியவர்களும் பக்கத்தில் இருக்கட்டும். மூன்றாவது பயணத்தில் துடைதாள் பாக்கெட் மூன்றும் அம்மாவின் கைப்பையில்தான் இருந்தன. மேசையில் உட்காருவதற்கு முன்பே துடைத்து முடித்திருப்பார்.